யாஷ் நகரில் நுண்கோடுகள் பெருத்த கதை

அறிவியல் வளர வேண்டும் என்பதில் எங்கள் ருமேனிய அரசுக்கு உள்ள அக்கறை சொல்லி மாளாது. அந்த அக்கறையின் பேரில்தான், யாஷ் நகரத்து எங்கள் ஆய்வகத்தைத் தொடர்ந்து நடத்தலாமா, இழுத்து மூடலாமா என்று பார்க்க, அமைச்சகச் செயலாளர் வலேரியு போகியான் தலைமையில் ஒரு குழு வந்து இறங்கியது. ஊரெல்லாம் நானோ பைத்தியம் பிடித்திருந்த காலம். நானோ ஷாம்பு, நானோ பெயின்ட், எங்கள் தெருமுனையில் நானோ ரொட்டிக்கடைகூட இருந்தது. உண்மையாகவே நானோ வேலை நடந்தது எங்களிடம் மட்டும்தான் என்பதால் சந்தேகமும் எங்கள்மேல் மட்டும்தான் விழுந்தது.

வேலை இதுதான். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வகைப் பிளாஸ்டிக் இழைகளை முனையில் பிணைத்து, சிலிக்கான் தகட்டில் மெல்லிய படலமாகப் பூசிச் சூடாக்குவோம். சேர்ந்திருக்கப் பிடிக்காமலும் பிரிந்துபோக முடியாமலும் அவை தாமாகவே வரிசை கட்டி நின்றுவிடும். ஒரு தலைமுடியின் குறுக்களவில் ஆயிரக்கணக்கான கோடுகள். எங்கள் தலைவி இலின்கா உர்சாகி அவற்றைத் தகடு முழுக்க ஒரு பிசகில்லாமல் வரவழைத்திருந்தாள். அந்த ஒற்றைத் தகட்டை நம்பித்தான் எங்கள் எல்லோருடைய பிழைப்பும் இருந்தது.

போகியான் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணும் தெரியலையேம்மா.”

“வெறும் கண்ணுக்குத் தெரியாது சார். மைக்ராஸ்கோப்ல எடுத்த படம் இருக்கு.”

“படம் என் பேத்திகூட வரைவா. குழு நேரில் காண வேண்டும்னு விதி. சரி, இத யாரு அடுக்குனது?”

“யாரும் இல்ல சார். தானாவே அடுக்கிக்கும்.”

“தானா நடக்குதுன்னா உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா சம்பளம்?”

கேள்வியின் ஆழத்தைக் கண்டு குழுவினர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது தீர்த்தம். எங்கள் பக்கத்தில் கார் வாங்கினாலும் கடை திறந்தாலும் பாதிரியார் வந்து பச்சிலைக் கொத்தை நீரில் தோய்த்துத் தெளித்தாக வேண்டும். மூடப்போகும் இடத்துக்கும் அது உண்டு என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள். தகட்டைத் திரும்ப வைத்திருந்த அறையோ, தூசி படக்கூடாதென்று தலை முதல் கால் வரை உறை மாட்டாமல் நாங்களே நுழையாத இடம். பாதிரியார் சோஃப்ரோனியே நல்ல மனிதர், வாசலிலேயே தெளித்துவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னார்.

“வாசல்ல நின்னா போட்டோல நான் விழமாட்டேன் சாமி,” என்றார் போகியான்.

ஊர்வலம் சாம்பிராணிப் புகையோடு உள்ளே போனது. இலின்கா தகட்டை மறைக்க ஓடினாள். அதற்குள் துளிகள் விழுந்துவிட்டன. படலம் சுருங்கிக் கிளம்பி, வண்ண வண்ணமாக வளையங்கள் விரிந்தன.

“இப்ப தெரியுது பாருங்க,” என்று போகியான் உருகினார். “எவ்வளவு லட்சணமா வட்டம் வட்டமா. இத மொதல்லயே காட்டக் கூடாதா?”

இலின்கா தகட்டைக் கையில் எடுத்துக் காட்டினாள். “சார், இது கறை. எல்லாம் பாழாப்போச்சு.”

“இத யாராவது அடுக்குனாங்களா?”

“இல்ல.”

“தானா வந்துச்சா?”

“வந்துச்சு, ஆனா...”

“ஆனாவெல்லாம் வேணாம். இது உங்க ஆய்வகத்தோட சாதனையா, இல்லையா? இல்லைன்னா சொல்லுங்க, இப்பவே பூட்டிட்டுக் கிளம்புறோம்.”

நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம். முனைவர் பட்டம் வாங்கிய அத்தனை பேரும் கண்ணாலேயே கெஞ்சினோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “சாதனைதான்,” என்றாள். நான் கை தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆய்வகம் பிழைத்தது. அடுத்த ஆண்டுக்குள் வட்டங்கள் இருமடங்கு பெரிதாக வேண்டும் என்று ஆணையும் வந்தது. ‘திரவத்துளி தூண்டும் பேரளவுத் தன்னமைப்பு’ என்ற தலைப்பில் இலின்கா எழுதிய கட்டுரையைப் பெரிய அறிவியல் இதழ் ஒன்று வெளியிட்டது. உலகத்தின் பேர்பெற்ற ஆய்வகங்களெல்லாம் இன்று அதை மேற்கோள் காட்டுகின்றன. எங்கள் முறையை மேலும் மேம்படுத்திவிட்டதாகவும் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

எனக்குத்தான் பயம் விடவில்லை. “யாராவது உண்மையிலேயே செஞ்சு பாத்துட்டா என்ன மேடம் பண்றது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பாக்க மாட்டாங்க.”

“எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

இலின்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவங்க எழுதுனத நாம என்னிக்காவது செஞ்சு பாத்திருக்கோமா?”