சத்தம் வந்தால் கவனிக்கவும்

திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே, 'அப்டேட் நடக்கிறது, தயவுசெய்து கணினியை அணைக்காதீர்கள்' என்று ஒரு வரி. மீட்டிங் பதினோரு மணிக்கு. மணி பத்தே முக்கால்.

"ராத்திரி பூரா சும்மாதானே கிடந்தே? அப்ப பண்ணியிருக்கலாம்ல?" என்று மடிக்கணினியை அதட்டினார் ரீஸ்டார்ட் சார்.

அது அவருடைய பெயர் இல்லை. அந்தக் கட்டிடத்தில் யார் வீட்டு டிவி படம் காட்டாவிட்டாலும், யார் வீட்டு பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பினாலும், புரோகிராமர் ஆச்சே என்று இவரிடம்தான் ஓடி வருவார்கள். "ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பார். பெரும்பாலும் சரியாகிவிடும். பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கும் அதையேதான் செய்தார். மைக்கில் லேசாக ஒரு கரகரப்பு. மீட்டிங்குக்கு முன்னால் எல்லாம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஒரு ரீஸ்டார்ட். அவ்வளவுதான், வட்டம் சுழல ஆரம்பித்துவிட்டது.

சாதாரண மீட்டிங் என்றால் பரவாயில்லை. பெரிய தொழிற்சாலைக்காரர்களுக்கு இவர் டீம் எழுதிய மென்பொருளை விளக்க வேண்டும். இயந்திரங்கள் போடும் சத்தத்தையும் ஏறும் சூட்டையும் கவனித்து, பழுதாவதற்கு முன்பே எச்சரிக்கிற மென்பொருள். இரண்டு வருஷ உழைப்பு. "இவங்க வாங்கலேன்னா நம்ம டீமையே கலைச்சிடுவாங்க" என்று மேனேஜர் நேற்றே சொல்லிவிட்டார்.

"என் லேப்டாப்பை எடுத்துக்கோங்களேன்" என்றாள் மனைவி. கணக்கு டீச்சர். பள்ளி விடுமுறை என்பதால் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து போய்த் திறந்தார். பாஸ்வேர்டு கேட்டது.

"உன் பாஸ்வேர்டு என்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்? பொண்ணு பேரை வெச்சிருந்தேன். சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிச்சிடும்னு போன வாரம் நீங்கதான் மாத்தினீங்க. நம்பரு, ஆச்சரியக்குறி, நட்சத்திரம்னு என்னென்னவோ போட்டீங்க."

"ஆமா, ஞாபகம் வெச்சுக்கவே முடியாத மாதிரி போட்டேன். அதான் பாதுகாப்பு."

"அப்ப எங்கே எழுதி வெச்சீங்க?"

ரீஸ்டார்ட் சார் மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுப் பாஸ்வேர்டு அத்தனையும் அந்த வட்டத்துக்குப் பின்னால்தான் இருந்தன.

"சரி, உன் ஃபோனைக் குடு."

"ஸ்லோவா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாத்தையும் துடைச்சுப் புதுசு மாதிரி ஆக்கறேன்னு நேத்து வாங்கிட்டுப் போனீங்களே. புதுசு மாதிரியேதான் இருக்கு. 'எந்த மொழி வேணும்'னு கேட்டுட்டு நிக்குது."

பத்து ஐம்பது. கடைசியாகத் தன் ஃபோனை எடுத்தார். மூச்சு விடுகிற அளவுக்குத்தான் சார்ஜ் இருந்தது. வீட்டில் சார்ஜருக்குப் பஞ்சமில்லை. ஒரு இழுப்பறை முழுக்கப் பாம்பு பாம்பாக ஒயர்கள். ஒன்றின் முனை தட்டை, இன்னொன்றின் முனை உருண்டை, பொருந்தியதில் உயிர் இல்லை. ஒழுங்கான ஒரே ஒயரை மகள் கல்லூரிக்குக் கொண்டுபோயிருந்தாள்.

"ஒரு ஓட்டை. உலகத்துல இருக்கற எல்லா கம்பெனியும் சேர்ந்து ஒரே மாதிரி ஒரு ஓட்டை போட முடியாதா?" என்று புலம்பியபடி மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சார், மீட்டிங் நம்பர் மட்டும் சொல்லுங்க, வேற எங்கேயாவது போய் உக்கார்றேன்."

மேனேஜர் சொல்லச் சொல்ல உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். கடைசி எண் வந்ததும் ஃபோன் கண்ணை மூடியது.

"கீழ ஆலோசகர் மேடம் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்கே, கேட்டுப் பாருங்க" என்றாள் மனைவி. "ஏங்க, கண்ணாடி..."

அதற்குள் அவர் இரண்டு மாடி இறங்கியிருந்தார்.

கீழ்த்தளத்தில் அப்படி ஓர் அலுவலகம் இருப்பது தெரியும். என்ன ஆலோசனை, யாருக்கு என்றெல்லாம் அவர் விசாரித்ததில்லை. முன் அறையில் இருந்த நடுத்தர வயது அக்காவிடம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார்.

"அதுக்கென்ன சார், எங்க பிரிண்டரை எத்தனை தடவை சரி பண்ணிக் குடுத்திருக்கீங்க. மேடம் உள்ள பேசிட்டிருக்காங்க, இப்போதைக்கு வரமாட்டாங்க. நீங்க உக்காருங்க. திறந்திருக்கறதை மட்டும் மூடிடாதீங்க" என்றார் அக்கா. ஃபோனையும் வாங்கித் தன் சார்ஜரில் மாட்டினார். பொருந்தியது! பிறகு ஒரு தண்ணீர் ஜாடியோடு உள்ளே போய்விட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடி மேலேயே தங்கிவிட்டது தெரிந்தது. திரையில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. நல்ல வேளையாக அவருக்குப் பழக்கமான மீட்டிங் மென்பொருள்தான். உள்ளங்கையைத் தூரத்தில் பிடித்து எண்ணை அடித்தார். ஏதோ ஒரு பெட்டி வந்து எதையோ கேட்டது. இந்தப் பெட்டிகளை யார் படிக்கிறார்கள்? இரண்டு பொத்தானில் ஒன்றைத் தட்டினார். பெட்டி போய்விட்டது.

பின்னால் ஏழெட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மங்கலாக இரண்டிரண்டு தலைகள். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். சிக்கனமான கம்பெனிதான் என்று நினைத்துக்கொண்டார்.

"வணக்கம். தாமதத்துக்கு மன்னிச்சுக்கோங்க."

"பரவால்ல சார், உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்" என்றது ஓர் ஆண் குரல். மேனேஜர் வழக்கம்போல் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. நல்லதுதான்.

தயாரித்து வைத்திருந்த படங்கள், கட்டங்கள், புள்ளிவிவரம் எல்லாம் மேலே வட்டத்துக்குள் சிக்கிக் கிடந்தன. வாயைத் தவிர வேறு கருவி இல்லை. ரீஸ்டார்ட் சார் ஆரம்பித்தார்.

"என்கிட்ட காட்ட ஒன்னும் இல்லைங்க. மனசுல இருக்கறதைச் சொல்றேன். எந்த மெஷினும் திடீர்னு நிக்காது. நின்ன அன்னிக்குத்தான் நாம பாக்கறோம். ஆனா மாசக்கணக்கா அது சொல்லிட்டேதான் இருந்திருக்கும். சின்னதா ஒரு சத்தம், கொஞ்சம் சூடு. நம்ம காதுலதான் விழல."

பேச்சு எடுபடவில்லையோ என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்களோடது காலையில ஆரம்பிக்கும்போதே கத்துது சார்" என்றது ஓர் ஆண் குரல், தயங்கித் தயங்கி.

"எடுத்த எடுப்புல முழுப் பாரத்தையும் ஏத்தினா கத்தத்தான் சார் செய்யும். கொஞ்ச நேரம் சும்மா ஓட விடுங்க. அப்புறம் வேலை குடுங்க."

"சத்தமே வரலேன்னா?" இது ஒரு பெண் குரல். "மூணு மாசமாச் சத்தமே இல்லை."

"அதுதான் மேடம் ரொம்ப ஆபத்து. ஓடுதுன்னு நாம நினைச்சுட்டிருப்போம். உள்ள இணைப்பே விட்டுப் போயிருக்கும். இன்னிக்கே திறந்து பாருங்க."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அங்கே ஏசி அதிகம்போலிருக்கிறது என்று அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினார்.

"பக்கத்துல இருக்கறதெல்லாம் நல்லா ஓடுதே சார்?"

"ஒப்பிடவே கூடாதுங்க! ஒவ்வொன்னும் சுமக்கற பாரம் வேற. ஒப்பிடணும்னா, நல்லா ஓடின காலத்துல அதுவே எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. அந்த நாளை நினைச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் நாம என்ன கவனிக்காம விட்டோம்னு தெரியும்."

இப்போது இரண்டு மூன்று இடங்களில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"என் மோட்டருக்கு இருபது வருஷம் ஆச்சு" என்றது கணீரென்ற இன்னொரு பெண் குரல். "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு பாத்துக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?"

விற்க வந்தவர் பொய் சொல்லியிருக்கலாம். ரீஸ்டார்ட் சாருக்கு மனசு வரவில்லை.

"உதிரி கிடைக்காத அளவுக்குப் போயிருந்தா மாத்தறதுதான் மேடம் புத்திசாலித்தனம். ஆனா ஒன்னு. பராமரிக்கத் தெரியலேன்னா புதுசும் ஒரே வருஷத்துல இதே சத்தம்தான் போடும்."

"அப்ப நீங்க எங்களுக்கு என்னதான் செய்வீங்க?" என்று கேட்டார் முதலில் பேசியவர்.

"பெருசா ஒன்னும் இல்லை சார். கேப்போம். குறுக்க பேசாம, ராத்திரி பகலா, அது என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டே இருப்போம். முக்கால்வாசிப் பழுது அதுலேயே சரியாகிடும்."

பிறகு யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லாரும். கட்டங்களில் தனித்தனியாக இருந்த தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோல் மங்கலாகத் தெரிந்தது. என்ன ஒரு நல்ல கம்பெனி! அவர் கண்ணே கலங்கிவிட்டது. டீம் பிழைத்தது. கைகூப்பி விடைபெற்று நாற்காலியில் சாய்ந்தார்.

அப்போதுதான் சார்ஜரில் கிடந்த ஃபோன் உயிர்பெற்று அலறியது. மேனேஜர்.

"சார், பாத்தீங்களா, பிரமாதமா முடிச்சிட்டேன்!" என்றார் ரீஸ்டார்ட் சார்.

"எதை முடிச்சீங்க? மீட்டிங்கே நடக்கலையே. அவங்க கம்ப்யூட்டரும் அப்டேட்ல மாட்டிக்கிச்சாம். நாளைக்கு வெச்சுக்கலாம்னுட்டாங்க. அதைச் சொல்லத்தான் அப்போலேர்ந்து கூப்பிடறேன்."

ரீஸ்டார்ட் சார் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். உள் அறைக் கதவு திறந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அக்கா வந்தார். "உள்ளேயிருந்து நானும் மேடமும் கேட்டுட்டேதான் இருந்தோம் சார். இப்படி ஒருத்தர் பேசி நாங்க கேட்டதில்லை."

"அக்கா, நான் இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?"

"தெரியாமலா சார் பேசினீங்க? மேடம் திறந்து வெச்சிருந்த மீட்டிங்ல, விவாகரத்து கேட்டு வந்த ஏழு ஜோடிங்ககிட்ட. ஆறு ஜோடி சமாதானமாப் போறோம்னுட்டாங்க, அந்த ஒரு அம்மா மட்டும், மோட்டரை மாத்தியே தீருவேன்னு நிக்கறாங்க!"