விவரஸ்தர் வாங்கிய மெஷின்

உலகத்தில் எத்தனையோ இனங்கள் அருகிக்கொண்டு வருகின்றன. அந்தக் கவலையே இல்லாத இனம் ஒன்று உண்டு: விவரஸ்தர். "என்னை எவனும் ஏமாத்த முடியாது" என்று யாராவது நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால், நின்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்தான்.

விளம்பரம் வந்தால் நாம் தண்ணீர் குடிக்க எழுந்து போவோம். விவரஸ்தர் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார். "பல் டாக்டர்ங்கறானே, இவன் டாக்டரா, நடிகனா?" என்று தொலைக்காட்சியைக் குறுக்கு விசாரணை செய்வார். அது பதில் சொல்லாது. ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம். தள்ளுபடிப் பலகையைக் கண்டால் ஒரு புன்னகை, இலவசம் என்ற சொல் காதில் விழுந்தால் ஒரு இருமல், வாசலில் யாராவது பையோடு நின்று "ஒரு நிமிஷம் சார்" என்றால் கேட்கவே வேண்டாம், அன்று அவருக்குக் கொண்டாட்டம். வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, விற்க வந்த பொருளின் மேல் விற்க வந்தவருக்கே நம்பிக்கை போன பிறகுதான் அனுப்பிவைப்பார்.

கேள்விகளில் தப்பு உண்டா? ஒன்றுகூட இல்லை. அதுதான் சங்கடம்.

எனக்கு வாய்த்த விவரஸ்தர் எதிர்வீட்டுக்காரர். காப்பீட்டு அலுவலகத்தில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று துருவும் வேலை. அந்த வேலையை அவர் சாயங்காலம் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். ஒருநாள் அவர் மனைவிக்கு வலது மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. ஈரத்துணியைப் பிழியவே கூடாது, பிழிந்தால் கை தேறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஒரு வாஷிங் மெஷின் வாங்கிடலாங்க."

"டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார்? அவர் மச்சான் மெஷின் கடை வச்சிருந்தா?"

"அவருக்கு மச்சான் இருக்காரோ இல்லையோ, எனக்கென்ன தெரியும்?"

"பாத்தியா! உனக்கே நிச்சயமாத் தெரியல."

ஆனாலும் கடை கடையாக ஏறினார்கள். ஒரு கடையில், "இதுதான் சார் நல்லாப் போகுது" என்றார்கள். "நல்லாப் போறதெல்லாம் நல்லதா?" இன்னொரு கடையில் ஒரு பெண், தன் வீட்டிலும் இதேதான் என்றாள். "உனக்குக் கமிஷன் உண்டாம்மா?" ஒவ்வொரு கடையிலிருந்தும் அவர் வெற்றிக்களையோடு இறங்குவார். பின்னால் மனைவி, வீங்கிய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு வருவார். வீட்டில் ஒரு வாளித் துணி காத்திருக்கும்.

கடைசிக் கடைக்கு, மெஷினைத் தூக்க ஆள் வேண்டுமென்று நானும் போயிருந்தேன். விற்பனையாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. விவரஸ்தர் ஒரு மெஷினைத் தொட்டதும், "அதை வாங்காதீங்க சார்" என்றார்.

விவரஸ்தர் ஆடிப்போய்விட்டார். "ஏன்?"

"வெளில பளபளப்பு, உள்ள ஒண்ணுமில்ல. எல்லார்கிட்டயும் இதைச் சொல்றதில்ல. நீங்க பாக்கற பார்வையிலேயே தெரியுது, உங்ககிட்ட கதை விட முடியாது."

"அப்ப எதுதான் தேவலை?"

"மூலைல ஒண்ணு கிடக்கு. விளம்பரமே கிடையாது. துவைக்கும், அவ்வளவுதான். பிழியாது. பிழியற மெஷின்ல துணி நார்நாராப் போயிடும் சார். எந்தக் கம்பெனிக்காரனாவது வாயைத் திறப்பானா?"

"எப்படித் திறப்பான்!"

"என்னங்க, பிழியறதுக்குத்தானே..." என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இரு. விஷயம் தெரிஞ்சவர் பேசிட்டிருக்கார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரையே கேள்வி கேட்கிறவருக்கு, மூலையில் கிடப்பது ஏன் மூலையில் கிடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லையே! பக்கத்தில் நிற்கிற மனைவி ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுக்கவும் தோன்றவில்லை.

மெஷின் வந்தது. சொன்னபடி துவைத்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்த போர்வையை அந்த அம்மாள் இடது கையால் இழுத்தெடுத்துக் கணவரின் கையில் திணித்தார்.

"பிழிங்க."

அன்றிலிருந்து பால்கனியில் தினமும் பிழிகிறவர் விவரஸ்தர்தான். "கையால பிழியறதுதான் நல்லது. துணிக்கும் நல்லது, ரத்த ஓட்டத்துக்கும் நல்லது. இதெல்லாம் எவன் சொல்வான்?" என்று எனக்கும் விளக்குகிறார். அந்த அம்மாளின் கை தேறிவிட்டது. இவர் மணிக்கட்டில்தான் இப்போது லேசான வீக்கம். டாக்டரிடம் போவதாக இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம்; நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் புரட்டிவிடும் இடத்தில் நீங்கள் நிதானித்து யோசித்தீர்கள். எதையும் சீர்தூக்கிப் பார்க்கிற மனசு உங்களுக்கு. இப்படிப்பட்ட வாசகர் அபூர்வம்.

தலை லேசாக அசைந்ததா? நல்லது. உங்களை ஒருநாளும் கண்ணால் பார்த்திராத ஒருவன் இத்தனையும் சொன்னானே, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஏன் கேட்கவில்லை?