ஏழு பொட்டலம் உப்பும் சூயிங்கின் நாக்கும்

செங்டு நகரத்து உப்பு இலாகாவில் எழுத்தராக இருக்கும் தம்பி வென்ஷெங்குக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே மழைக்கும் முட்டைக்கோசுக்கும் குறைவில்லை. உன் மூட்டுவலிக்கு அனுப்பிய தைலத்தைத் தடவுகிறாய் என்று நம்புகிறேன். அப்பா உனக்காக வைத்த வாத்தியாரிடம் கதவோரம் உட்கார்ந்து ஐந்து வருஷம் நான் கற்ற எழுத்து இது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். என் மகன் தாயோங்கை மூன்று நாளாகக் காவலில் வைத்திருக்கிறார்கள். பெரிய ஊறுகாய்ச் சாடிக்கு அடியில் மறைத்து வைத்திருந்த நம் இரண்டாவது உப்புக் கிணற்றுக்கு முத்திரைத் தாள் ஒட்டியாகிவிட்டது. மாதக் கடைசியில் கல்லைப் போட்டுத் தூர்த்துவிடுவார்களாம். அது தாத்தா தோண்டிக் கைவிட்ட குழி என்று தாயோங் சாதித்துவிட்டான். கிண்ணத்து வாய் அகலம்தான் இருக்கிறது, எந்த அதிகாரியாலும் எட்டிப் பார்க்க முடியாது. இறைக்கிற மூங்கில் குழாயை மருமகள் அன்றைக்கே அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். ஆகவே மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி என் பேத்தி சூயிங்கின் நாக்கு. நீ ஒரு மனு எழுது: குழந்தை அன்று மலைமிளகு தின்றிருந்தாள், நாக்கு மரத்துப்போய் ஏதோ உளறிவிட்டாள் என்று. அது போதும், கிணறும் பிழைக்கும், தாயோங்கும் பிழைப்பான்.

நடந்ததைச் சொல்கிறேன். புது உப்பு அதிகாரி ஹௌ தலைநகரத்துக்காரர், ஒல்லி, நல்ல மனுஷர், தேநீரை ஊதி ஊதிக் குடிக்கிறார். சந்தையில் வாங்கிய ஏழு பொட்டலங்களை நம் வீட்டு மேஜையில் பிரித்து வைத்தார். "இதுல ஒண்ணு என் பதிவேட்டுல இல்லாத கிணத்து உப்பு பாட்டிம்மா. எல்லையில நிக்கிற பட்டாளத்துக்கே இந்த உப்பு வரியாலதான் சோறு. அந்தக் காலமா இருந்தா திருட்டு உப்பு காய்ச்சினவன் இடது கால்ல இரும்பு வளையம் பூட்டியிருப்பாங்க. ஆனா எதுன்னுதான் பிடிபடல" என்றார். அதோடு எழுந்து போயிருந்தால் தொல்லையில்லை. போகிற போக்கில், "உப்புன்னா எல்லாம் உப்புதானே!" என்று சொல்லிவிட்டார். மலைக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் நம் உப்புக் கட்டி ஒன்றுக்குக் குதிரையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு நடந்தே போவார்கள், நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சா? "எங்க சூயிங் ஒரு சிட்டிகை வாயில போட்டா எந்தக் கிணறுன்னு சொல்லிடுவா" என்றேன். மருமகள் என் காலை மிதித்தாள். நானும் அவள் காலை மிதித்தேன்.

சூயிங்குக்குப் பத்து வயசு. கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "இது கிழக்கு மேட்டுக் கிணறு, எருமை கட்டி இறைக்கறது, கடைசியில லேசா கசக்கும்." சரி. "இது ஆத்தோரத்துக் கிணறு, விறகு பத்தாம பாதியில இறக்கிட்டாங்க." சரி. மூன்றாவதை வாயில் போட்டதும் துப்பினாள். "மண்ணு! இது உங்க கிடங்குலேருந்து வந்ததா ஐயா?" ஹௌ ஐயாவின் காது சிவந்துவிட்டது. நான்கு, ஐந்து, ஆறு, எல்லாம் மளமளவென்று வந்தன. ஏழாவதற்குக் கண்ணை மூடிச் சிரித்தாள். "இது எங்க பெரிய சாடிக்கு அடியில இருக்கறது! அப்பா யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. ஆனா நீங்க கிணத்தை எங்கே கேட்டீங்க, உப்பைத்தானே கேட்டீங்க!"

நான் கை தட்டிவிட்டேன் தம்பி. அதிகாரி மெதுவாக, "எல்லாம் சரிதானா பாட்டிம்மா?" என்று கேட்டார். "சரிதானாவா? ஏழுக்கு ஏழு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அதற்குப் பிறகுதான் மருமகள் சுவரோடு சரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஆகவே மலைமிளகு என்று அழுத்தி எழுது, மறந்துவிடாதே. உன் வீட்டில் எல்லோரும் நூறு வயசு இருக்கட்டும், உன் பானையில் உப்பு குறையாமல் இருக்கட்டும்.

பின்குறிப்பு: மடிப்பதற்கு முன் சூயிங் இதைப் படித்துவிட்டாள். "நான் மிளகே திங்கலியே பாட்டி. தப்பாவா சொன்னேன்?" என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினாள். என்னால் தாங்க முடியவில்லை. சோறு கொண்டுபோன மருமகளிடம், இப்படி மனு அனுப்பலாமா என்று தாயோங்கைக் கேட்டு வரச் சொன்னேன். "பாப்பா ஏழையும் சரியா சொன்னாளா?" என்று கேட்டானாம். ஆமாம் என்றதும் காவல்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறானாம், மனுவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம். ஆகவே மனு வேண்டாம். கிணற்றைத் தூர்த்துக்கொள்ளட்டும். பதிவேட்டில் மட்டும் நீயே நல்ல கையெழுத்தில் எழுதி வை: மிளகும் இல்லை, மரப்பும் இல்லை, ஏழுக்கு ஏழு.