குட்டிச் சனாயே

"இன்னைக்குச் சோத்துருண்டை ரெண்டு கூடுதலா வை" என்று இசாவோ சொன்னதும் மிட்சுயோவின் கை சோற்றுப் பாத்திரத்திலேயே நின்றுவிட்டது.

குளிர் விடுமுன்னே பிளம் பூத்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் அவர் ஆற்றங்கரைக்குப் போகிறார். தும்பி பார்க்கும் குழுவில் சேர்ந்திருக்கிறாராம். அதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. பணி ஓய்வு பெற்ற கணவர் வீட்டில் இல்லாத ஞாயிறு நல்ல ஞாயிறுதான். ஆனால் முதல் வாரமே, குளியல் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் கிடந்தபடி அவர் தனக்குத்தானே முணுமுணுத்தது கதவுக்கு வெளியே கேட்டது.

"சனாயேவைப் பாத்தாச்சு."

அதற்குப் பிறகு வாராவாரம் இதே பாட்டு. மிட்சுயோ படித்த பள்ளியில் சனாயே என்ற பெயரில் மூன்று பெண்கள் இருந்தார்கள். மூன்று பேருமே அழகிகள்.

போன வாரம் சோற்றுருண்டைக்குள் பூண்டு ஊறுகாயைத் தாராளமாக அடைத்து அனுப்பினாள். அவர் பக்கத்தில் எவளும் நெருங்கக்கூடாது என்பது திட்டம். டப்பா காலியாகத் திரும்பியது. ரொம்ப ருசி என்று சொன்னார்களாம். யார் என்று அவர் சொல்லவில்லை. அதன் பலன்தான் இன்று இரண்டு உருண்டை அதிகம்.

அவருடைய ரப்பர் பூட்ஸை ஒளித்துவைத்தாள். அவர் தேடவே இல்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய தோல் ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முன்னைவிட எடுப்பாக வாசலில் நின்று போனில் தணிந்த குரலில் பேசினார்.

"குட்டிச் சனாயேவும் வருதா? சரி, சரி."

குட்டி வேறா?

மிட்சுயோ ஏப்ரனைக் கழற்றினாள். "ஏங்க, இருங்க. நானும் வர்றேன்."

"உனக்குப் பூச்சின்னாலே ஆகாதே?"

"பழகிக்கறேன்."

பஸ்ஸில் அவர் போனில் அவசரமாக ஏதோ தட்டிவிட்டு அதைப் பைக்குள் போட்டார்.

ஆற்றில் செர்ரி இதழ்கள் மிதந்துகொண்டிருந்தன. குழுத் தலைவர் குவாபாரா எல்லோருக்கும் முன்னால் நடந்தார். தனக்கு முன் இன்னொருவர் ஒரு தும்பியைப் பார்த்துவிட்டால் அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது என்று குழுவில் பேச்சு. நாணல் தண்டில் பனிக்காலத்தைத் தாண்டிவந்த பழுப்பு ஊசித்தட்டான் ஒன்று ஒட்டியிருந்தது. எதிர்க்கரைக் கிளையில் மீன்கொத்தி இருந்தது. மிட்சுயோ இரண்டையும் பார்க்கவில்லை. அவள் பெண்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மஞ்சள் ஜாக்கெட், கறுப்புப் பேன்ட் போட்ட ஒருத்தி தொலைநோக்கியைச் சரிசெய்து, வந்து பாருங்கள் என்று இசாவோவைக் கூப்பிட்டாள்.

மிட்சுயோ குறுக்கே போய் நின்றாள். "சனாயே அம்மா, அதை மடக்கி வைங்க. இவர் பாக்கறதுக்கு வீட்ல ஆள் இருக்கு."

மீன்கொத்தி பறந்துபோயிற்று.

"என் பேரு யோஷிமிங்க" என்றாள் அந்தப் பெண்.

இசாவோ பைக்குள்ளிருந்து தும்பிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து, குரல் உயர்த்தி வாசித்தார். சனாயே என்றால் நாற்று. நாற்று நடும் பருவத்தில் வருவதால் இந்தத் தும்பிக்கு அந்தப் பெயர். மஞ்சளும் கறுப்புமாகப் படம் இருந்தது. அடுத்த பக்கத்தில் அதைவிடச் சின்னது, குட்டிச் சனாயே.

"உன் சக்களத்திக்கு நாலு றெக்கை, ஆறு கால். போதுமா?"

கூட்டம் சிரித்தது. யோஷிமியும் சிரித்தாள். மிட்சுயோ ஒவ்வொருவர் முன்னாலும் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பிளம் பூத்ததிலிருந்து வாராவாரம் சனாயேவைப் பார்த்தேன் என்று இவர் குளிக்கும்போது சொல்லுவார், நான்தான் முட்டாள்தனமாக என்னென்னவோ நினைத்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி, அந்த இரண்டு உருண்டைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் பங்குவைத்துக் கொடுத்தாள். மனசு லேசாகிவிட்டது. பூச்சிகள் மேல்கூடக் கொஞ்சம் பிரியம் வந்தது.

குவாபாரா மட்டும் சிரிக்கவில்லை, உருண்டையையும் தொடவில்லை. சற்று முன் மிட்சுயோ யோஷிமியைப் பார்த்தாளே, அதே பார்வையோடு இசாவோவிடம் வந்தார்.

"நாத்து நட இன்னும் ஒரு மாசம் கிடக்கு, எனக்கு ஒரு சனாயேகூடக் கண்ல படல. பிளம் பூத்ததுலேருந்து வாராவாரம் நீங்க மட்டும் எங்கய்யா போய்ப் பாக்கறீங்க?"