பகல் பன்னிரண்டுக்குத் தேதி மாற்றியவர்

மணி பார்க்க வாட்ச் கட்டுகிறவர்கள் உண்டு. மாமனார் போட்டாரே என்று கட்டுகிறவர்கள் உண்டு. கல்யாண போட்டோவில் தெரியட்டும் என்று இரவல் வாங்கிக் கட்டுகிறவர்களும் உண்டு. தேதி பார்ப்பதற்கென்றே வாட்ச் கட்டிய ஒரே மனிதர், இந்த பூமி உருண்டையில், எங்கள் நாலு முள்ளுதான். இதை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போட்டுச் சொல்லவும் நான் தயார். மறுக்கிறவர் யாராவது இருந்தால் வரட்டும், டீ வாங்கிக் கொடுத்து ஒத்துக்கொள்ள வைக்கிறேன்.

பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன்னால், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் நான் வேலை பார்த்தேன். அவர் அங்கே கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

பட்டப்பெயர் வந்த கதை சின்னது. அவர் கட்டிக்கொண்டு வந்த வாட்சில் மணி முள், நிமிட முள், விநாடி முள் போக, நுனியில் சிவப்பு அடித்த நாலாவது முள் ஒன்று இருந்தது. டயலின் ஓரத்தில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை வட்டமாக எண்கள். அந்தச் சிவப்பு முள் நாளைக்கு ஒரு எண்ணாக நகர்ந்து தேதியைக் காட்டும். எல்லோர் வாட்சிலும் இருக்கிற மாதிரி மூன்று மணிக்குப் பக்கத்தில் குட்டிச் சதுரத்துக்குள் தேதி தெரிவது அவருக்குப் பிடிக்காது.

"அது தேதியா தம்பி? ரேஷன் கடை ஜன்னல்ல எட்டிப் பாக்கற மூஞ்சி மாதிரி கீது. தேதின்னா நாலு பேர் பாக்க நடக்கணும்" என்பார்.

"போன்லயே தேதி இருக்குதேண்ணா?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன்ல தேதி பாக்கறதும் பக்கத்து வூட்டுக் குழம்ப ஊத்திச் சாப்பிடறதும் ஒண்ணு."

அந்த நாலாவது முள் ஒருநாள் கம்பெனியையே ஆட்டி வைத்தது. எங்கள் கேட்டில் கரீம் பாய் என்று ஒருவர். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கை அமுக்குவது அவர் வேலை. அன்றைக்கு கேட் கடிகாரம் நின்றுபோயிருந்தது. அந்த வழியாகப் போன நாலு முள்ளுவின் கையைப் பிடித்து பாய் மணி பார்த்தார். மணி முள் பன்னிரண்டில். சிவப்பு முள் நேர் கீழே. பன்னிரண்டரை! அமுக்கினார் சங்கை. ஸ்டிச்சிங் செக்‌ஷன் மொத்தமும் டிபன் பாக்ஸோடு வெளியே வந்துவிட்டது. மேனேஜர் தலைதெறிக்க ஓடி வந்தார்.

"மணி பன்னெண்டு அஞ்சு! யாருய்யா சங்கு ஊதுனது?"

"சார், இவரு கையிலதான் பாத்தேன். பன்னெண்டரை காட்டுச்சு" என்றார் பாய்.

நாலு முள்ளு நிதானமாகக் கையை நீட்டினார். "பாய், சரியா பாருங்க. அது பன்னெண்டரை இல்ல. பதினாறாந்தேதி."

மேனேஜர் எல்லோரையும் உள்ளே விரட்டப் பார்த்தார். ஆனால் ஆம்பூரில் திறந்த டிபன் பாக்ஸை மூட வைக்க எந்த மேனேஜராலும் முடியாது. அன்றைக்குச் சங்கு ஊத வேண்டிய பன்னிரண்டரைக்கே சாப்பாடு முடிந்துவிட்டது.

அவரிடம் இருந்த வகைகளைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். டயலைச் சுற்றி முப்பத்தொரு பொடி ஓட்டைகள், உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தினமும் ஓட்டை மாறி உட்காரும், அப்படி ஒன்று. தேதியின் முதல் எண்ணுக்குத் தனி ஜன்னல், இரண்டாவது எண்ணுக்குத் தனி ஜன்னல் என்று ஒன்று. அதற்கு 'ரெண்டு போர்ஷன் வூடு' என்று பெயர் வைத்திருந்தார். எல்லாம் ரிப்பேர் கடைகளில் யாரும் வேண்டாமென்று விட்டுப்போனவை. தேடிப்போய் வாங்கி வருவார்.

இத்தனையும் போதாமல் அவரே ஒன்று கண்டுபிடித்தார். தேதியே இல்லாத ஒரு சாதா வாட்சை எடுத்து, வெட்டி மிஞ்சிய தோலில் நீளமாக ஒரு ஸ்ட்ராப் தைத்து, அதில் முப்பத்தொரு துளை போட்டார். ஒண்ணாந்தேதி முதல் துளையில் பக்கிளை மாட்டுவார். மறுநாள் அடுத்த துளை. தேதி தெரிய வேண்டுமா, எந்தத் துளை என்று பார்த்தால் போதும். யோசனை அபாரம். அதில் ஒரே ஒரு சங்கடம். மாதம் பிறந்தால் ஸ்ட்ராப் இறுக்கிக் கை நீலம் பாரித்துவிடும். இருபதாந்தேதிக்கு மேல் வாட்ச் வளையல் மாதிரி ஆடும். மாதக் கடைசியில் முழங்கைக்கு ஏறிவிடும். "பேஜாராயில்லையாண்ணா?" என்றால், "மாசக் கடைசில உனுக்கு மட்டும் எல்லாம் டைட்டாவா கீது?" என்று திருப்பிக் கேட்பார்.

முப்பது நாள் மாதம் முடிந்த மறுநாள் அவரைப் பிடிக்க முடியாது. முப்பதாந்தேதியோடு மாதம் முடிந்தது சாதாரண வாட்சுக்குத் தெரியாது, முப்பத்தொன்று என்று காட்டிக்கொண்டு நிற்கும். காலையிலேயே பெஞ்ச் பெஞ்சாக வருவார். "கைய நீட்டு." தடுப்பூசி போடுகிறவர் மாதிரி. திருகைப் பிடித்து இழுத்து, ஒரு சுற்று, "ஆச்சு, அடுத்தாளு." பிப்ரவரி முடிந்து மார்ச் பிறந்தால் அவருக்குத் தீபாவளி. நாங்கள் யாரும் சொந்தமாகத் தேதி மாற்றியதே இல்லை. அது அவர் உரிமை என்று விட்டுவிட்டோம்.

கடைசியாக வந்ததுதான் அரைவட்ட வாட்ச். டயலின் கீழ்ப்பாதியில் வில் போல ஒரு வரி, அதில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை. தேதி முள் இடமிருந்து வலமாக மாதம் முழுக்க ஏறும். முப்பத்தொன்று முடிந்ததும் ஒரே துள்ளலில் திரும்பி ஒன்றில் வந்து நிற்கும். அந்தத் துள்ளல்தான் அவர் உயிர். ஆனால் எந்த வாட்சிலும் தேதி மாறுவது நடுராத்திரி. யார் முழித்திருந்து பார்ப்பது? மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மணி முள்ளைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார். மணி அதேதான் காட்டும், ஆனால் தேதி பகல் பன்னிரண்டுக்கு மாறிவிடும். காலையில் சரியான தேதி, மத்தியானத்துக்கு மேல் மறுநாள் தேதி. "ஒண்ணு கழிச்சுக்கினா போச்சு" என்றார்.

முப்பத்தொன்றாந்தேதி பகல் பன்னிரண்டு அடிக்கும்போது அவரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். சோளிங்கர் மலை மேல் கற்பூர ஆரத்திக்கு நிற்கிற மாதிரி எட்டி எட்டிப் பார்ப்பார்கள். முள் துள்ளும். "ஹோ!" என்று ஒரு சத்தம். ஒருமுறை மேனேஜர் திட்ட வந்தார். வந்தவர் தானும் பார்த்துவிட்டு, "அடுத்தது எப்பய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் மட்டும் ஆகவில்லை. வயது நாற்பதை நெருங்கிவிட்டது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு இடத்தில் பெண்ணின் தாய்மாமன் கையைப் பிடித்து, "உங்க தேதி தப்புங்க" என்று திருத்தப் போய், சம்பந்தம் முறிந்தது. அதற்குப் பிறகு அவர் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒருமுறை காய்ச்சல் என்று வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்தார். திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். நாடி பார்க்க வந்த நர்ஸின் வாட்சில் தேதி மூன்று நாள் பின்தங்கி இருந்ததாம். இவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கோபிக்காமல் சிரித்து, "நீங்களே மாத்திக் குடுங்க" என்று கழற்றிக் கொடுத்துவிட்டதாம்.

"கழட்டியே குடுத்துட்டுச்சு தம்பி!" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பார். "இது அமைஞ்சா கல்யாணம். இல்லன்னா நான் இப்படியே இருந்துட்டுப் போறேன். வேற எடம் பாக்காத." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விசாரித்தோம். பெண் கணியம்பாடி. அப்பா விவசாயி. சுற்றி வளைத்து ஒரு உறவுக்காரரைப் பிடித்து, அவர் மூலம் பேச்சை எடுத்து, கடைசியில் பெண்ணின் அப்பாவோடு போனில் பேசும் நாள் வந்தது. சாப்பாடு முடிந்த நேரம். நான் பக்கத்திலேயே நின்றேன். நாலு முள்ளுவுக்கு வியர்த்துக் கொட்டியது. "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்பதைத் தவிர அவர் வாயில் ஒன்றும் வரவில்லை. போனை வைத்துவிட்டு வாட்சைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார்.

"நாளன்னிக்கு வரச் சொல்றாரு. பொண்ணுக்கு அன்னிக்குத்தான் லீவாம். பதிமூணாந்தேதி காலைல."

தேதியில் அவரைச் சந்தேகப்படுவதா? நான் பதிமூன்றுக்கு லீவு சொன்னேன்.

பதிமூன்றாந்தேதி காலையில் என் பழைய காரில் நான், என் மனைவி, புதுச் சட்டையில் நாலு முள்ளு மூவரும் பூ, பழத்தோடு கணியம்பாடி போய் இறங்கினோம். வாசலில் ஒரு பெரியவர் லுங்கியும் துண்டுமாக வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"நீங்கதான் நேத்து வர்றதா சொன்னவங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நேத்து கேசரி கிண்டி, பஜ்ஜி போட்டு, நாலு வூட்ல சேர் வாங்கிப் போட்டு, பொழுது சாயற வரைக்கும் குந்திக்கினு இருந்தோம்யா. பொண்ணு பட்டுப்புடவை கட்டிக்கினு ஒக்காந்துச்சு. கேசரிய மாட்டுக்கு வச்சோம். மாடுகூட என்னை ஒரு மாதிரியா பாத்துச்சு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே, ஐயா" என்றாள் என் மனைவி மெதுவாக.

"பொண்ணு பாக்க வர்றவன போன் போட்டு எப்ப வர்றன்னு கேக்க, இது இன்னாம்மா, கேஸ் சிலிண்டரா?"

நாலு முள்ளு தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, தப்பு என்னுதுதான்" என்றார். "நம்ம பேசுனது மத்தியானம். மத்தியானத்துக்கு மேல என் வாட்ச்ல மறுநாள் தேதி காட்டும். ஒண்ணு கழிக்கணும். உங்ககூட பேசற பயத்துல கழிக்க மறந்துட்டேன்."

பெரியவர் என்னிடம் திரும்பினார். "இவரு நல்லாத்தான் இருக்காரா?" பிறகு அவரிடம், "வாட்ச் கெட்டுப்போச்சுன்னா மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே?"

"கெட்டுப்போவலைங்க. நானாதான் அப்பிடி வச்சேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆமாம், கெட்டுவிட்டது என்று ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும்? காய்ச்சல் என்றால் நம்ப மாட்டார்களா? அந்த மனிதருக்கு அது வராது. அதனால்தான் அவர் மேல் எனக்கு அத்தனை மரியாதை. அந்த நிமிடத்தில் மட்டும் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

"கெளம்புங்க" என்றார் பெரியவர்.

அப்போது உள்ளேயிருந்து நர்ஸ் யூனிஃபார்மில், கைப்பையோடு அந்தப் பெண் வந்தது. "டூட்டிக்கு நேரமாச்சுப்பா. பஸ் போய்ட்டிருக்கும்."

என் மனைவி கெட்டிக்காரி. "நாங்க வேலூர் வழியாதான் போறோம். வண்டில வாம்மா, இறக்கி விட்டுடறோம்" என்றாள்.

"தனியால்லாம் அனுப்ப முடியாது" என்று பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் ஒரு ஜன்னலில் பெண், மறு ஜன்னலில் நாலு முள்ளு, நடுவில் என் மனைவி. வேலூர் வருவதற்குள் ஏதாவது நடந்தால் உண்டு. நான் வண்டியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன்.

பாதி தூரம் வந்துவிட்டோம். கடைசியில் அந்தப் பெண்தான் கேட்டது. "பகல்ல தேதி மாறுமாமே. ஏன் அப்பிடி வச்சீங்க?"

"மாசம் முடிஞ்சா முள்ளு துள்ளும்" என்றார். "பாக்க அவ்ளோ அழகா இருக்கும். ராத்திரில துள்ளுனா நான் ஒருத்தன்தான் பாக்கணும். பகல்ல வச்சா எல்லாரும் பாப்பாங்க."

"துள்ளுதாம்!" என்றார் பெரியவர் முன்னாலிருந்து.

கண்ணாடியில் பார்த்தேன். நாலு முள்ளு வாட்சின் திருகை இழுத்துவிட்டிருந்தார். "வாணாங்க. இப்பவே திருப்பி வச்சிடறேன். இனிமே எல்லாருக்கும் மாறற மாதிரி ராத்திரியே மாறட்டும்." திருகு வழுக்கி வழுக்கிப் போனது. எனக்கு ரோடு தெரியவில்லை, கண் மறைத்தது.

"வுடுங்க, அப்பிடியே இருக்கட்டும்" என்றது அந்தப் பெண். "மாசத்துல பாதி நாள் எனக்கு நைட் டூட்டி. முடிச்சுட்டு வந்து படுத்தா பகல் பன்னெண்டுக்குத்தான் எழுந்திருப்பேன். எனக்கும் நாள் அப்பதான் மாறுது."

என் மனைவி நடுவிலிருந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள், இருவருக்கும் முகம் தெரியட்டும் என்று. பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண் வாட்சை வாங்கிப் பார்த்ததும், இவர் விளக்கியதும், ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் எனக்குச் சரியாக நினைவில்லை. பெண் இறங்கி உள்ளே போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

பெரியவரும் இறங்கினார். கார் ஜன்னலில் குனிந்து, "மாப்ள" என்றார். "தேதி குறிக்கறது, ஊருக்குச் சொல்றது எல்லாம் என் பொறுப்பு. நீங்க அந்த வாட்ச்ச பாக்காம வந்து தாலிய மட்டும் கட்டுங்க." சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துவிட்டார்.

நாலு முள்ளு முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "மாப்ளன்னாரு, தம்பி" என்றார். திரும்பவும், "மாப்ளன்னாருல்ல?" என்றார். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். என் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே இருந்தாள், அவர் வாங்கவில்லை. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவர் தோளில் கை போட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.