முளைத்து விழுந்த பல்

"வாயைத் திற பாப்பா" என்றார் டாக்டர்.

பாப்பா திறந்தாள். டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"போன வாரம் முன்பல் ஒண்ணு இல்லையே?"

"ஆமா டாக்டர்" என்றார் பாப்பாவின் அப்பா.

"இப்ப இருக்கு."

"முளைச்சிருக்கும் டாக்டர்."

தலை நரைக்கிற வரைக்கும் குழந்தைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் டாக்டர். போன வாரம் விழுந்த பல் இந்த வாரம் முழுசாக நிற்பதை எந்த வாயிலும் பார்த்ததில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வலிக்கிறதா என்று கேட்டார். பாப்பா கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். வாராவாரம் வயிற்றுவலியில் துடிக்கிற குழந்தை சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை.

வேறு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்று அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவருக்கு டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. அங்கே எல்லோரும் அவரைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். பெல்ட்டில் சாரை சாரையாக வரும் வெள்ளை டைல்ஸில், மற்றவற்றைவிட ஒரு பொட்டு மங்கலாக ஒன்று இருந்தால் கை நீட்டி எடுத்துவிடுவார். மற்றவர்கள் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் வித்தியாசம் பிடிபடாமல், கழுகு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விடுவார்கள். இப்பேர்ப்பட்ட கழுகுக்கு, சொந்த வீட்டில் தன் இரண்டு மகள்களில் எது எதுவென்று தெரியாது.

இரட்டைப் பிள்ளைகள். ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள். ஒரே உயரம், ஒரே முகவெட்டு, ஒரே பிடிவாதம். பிறந்த அன்றைக்கே அவர் குழம்பிவிட்டார். போகப் போகத் தெரிந்துவிடும் என்று விட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, பால்பல் விழ ஆரம்பித்து, இன்னும் தெரிந்தபாடில்லை.

பிள்ளைகளிடமே கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்காமல் இல்லை. பெரியவளுக்குப் பெரிய துண்டு கேக் என்றால் இரண்டு பேரும் "நான்தான் பெரியவ" என்பார்கள். பெரியவளுக்கு ஊசி என்றால் இரண்டு பேரும் "அவதான்" என்று அடுத்தவளைக் காட்டுவார்கள்.

மனைவியிடம் கேட்கலாம். அதற்குத்தான் அவருக்கு நா எழவில்லை. அவள் பேருந்து நிலையத்தில், பயணிகள் மறந்து விட்டுப்போகும் சாமான்களைப் பாதுகாக்கிற பிரிவில் இருந்தாள். அலமாரி முழுக்கக் கறுப்புப் பையாகவே இருந்தாலும், வந்து நிற்கிறவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அவருடைய பையை எடுத்து நீட்டுவாள் என்று அங்கே பேச்சு. அப்படிப்பட்டவளிடம் போய், நாம் பெற்றதில் இது எது என்று எந்த முகத்தோடு கேட்பது?

வயிற்றுவலி தொடங்கியதிலிருந்து அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். சாப்பாடு இறங்காது. முகம் வாடிப்போகும். விடிந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இரண்டும் சேர்ந்து கட்டிலில் குதிக்கும். டாக்டர் மருந்து கொடுத்தார். சில நாள் நன்றாக இருக்கும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று வலி வந்து நிற்கும்.

"பெரியவளுக்கு மறுபடி வலி வந்துடுச்சுங்க. காலையில கூட்டிட்டுப் போங்க, எனக்கு ஆபீஸ்ல ஆள் இல்ல" என்பாள் மனைவி.

"எந்த..." என்று அவர் ஆரம்பிப்பார்.

"அதையும் நான் சொல்லணுமா? உங்க கண்ணுக்குத் தப்புமா?"

அவர் மென்று விழுங்கிக்கொள்வார். காலையில் வாசலில் இரண்டு சீருடைகள் நிற்கும். கைக்கு எது பக்கத்தில் நிற்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார். இத்தனை நாளும் அவர் செய்த வைத்தியம் இவ்வளவுதான்.

பல் முளைத்த அன்றைக்கு வீடு திரும்பும்போது, இனி இது ஆகாது என்று முடிவு செய்தார். தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகமான டைல்ஸின் பின்பக்கம் நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தனியே அடுக்குவார்கள், மறுபடி பார்ப்பதற்காக. அடுத்த தடவை வலி வந்தபோது, அழுகிறவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அவள் இடது காதுக்குப் பின்னால் நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அன்றைக்கு அவருக்கு நிம்மதியான தூக்கம்.

விடிந்து பார்த்தால் இரண்டு பேர் காதுக்குப் பின்னாலும் புள்ளி இருந்தது. "எனக்கும் வேணும்னு இவ கேட்டா, வெச்சுவிட்டேன்" என்று ஒருத்தி சொன்னாள். அதைச் சொன்னது எது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் யோசித்து நிற்பதற்குள் மனைவி வந்து, இதென்ன அழுக்கு என்று இரண்டு காதையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள். அவர் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை பல் இல்லை.

டாக்டர் ரொம்ப நேரம் அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "விழுந்துது, முளைச்சுது, மறுபடி விழுந்துடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எடை பார்க்கச் சொன்னார். போன தடவைக்கு இந்தத் தடவை குறைந்திருந்தது. மருந்தைக் கூட்டி எழுதினார்.

வழியில்தான் அப்பாவுக்குப் பொறி தட்டியது. ஒருத்திக்குப் பல் இருக்கிறது, ஒருத்திக்கு இல்லை. இதைவிட நல்ல அடையாளம் வேறென்ன வேண்டும்? அந்த வாரம் வலி வந்ததும் ஓடிப்போய் வாயைத் திறக்கச் சொன்னார். பல் இல்லாதவளுக்குத்தான் வலி. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குழந்தை வலியில் அழும்போது அப்பா ஏன் சிரிக்கிறார் என்று மனைவி விசித்திரமாகப் பார்த்தாள்.

மறுநாள் காலை வரைக்கும் அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. பல் இல்லாதவள் இடைவெளி வழியாக விசில் அடித்துக் காட்டியிருக்கிறாள். பல் இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த தன் பல்லில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கதவுப் பிடியில் கட்டி, தங்கையிடமோ அக்காவிடமோ கதவைச் சாத்தச் சொல்லிவிட்டாள். காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் விசில் அடித்துக்கொண்டே வந்தார்கள்.

அப்பா கடைசி முயற்சியாக மனைவியைச் சுற்றி வளைத்தார். ஆளுக்கொரு நிறத்தில் தலை க்ளிப் போட்டால் பார்க்க நன்றாக இருக்குமே என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். அவள் அன்றைக்கே வேலையிலிருந்து திரும்பும்போது சிவப்பில் ஒரு ஜோடியும் மஞ்சளில் ஒரு ஜோடியும் வாங்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளை எதிரே நிறுத்தி மாட்டிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிவப்பு பெரியவளுக்கு. சரிதானே?"

"சரிதான்" என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்களில் ஒவ்வொருத்தி தலையிலும் சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று இருந்தது. நியாயமாகப் பங்கு போட்டுக்கொண்டார்களாம்.

இதற்கிடையே டாக்டருக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. பல் வந்து போகிறது, எடை ஏறி இறங்குகிறது, மருந்து வேலை செய்கிறது, செய்யாமலும் இருக்கிறது. தன் அனுபவத்தில் இப்படி ஒரு நோயைப் பார்த்ததில்லை என்றார். டாக்டர்கள் கூடும் பெரிய கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவதற்குப் பெயர் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். அதற்கு முன்னால் குழந்தைக்கு மயக்கமருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்த்துவிட வேண்டும் என்றார்.

அப்பாவுக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அதுவரைக்கும் மானம் போகுமே என்றுதான் கவலை. இப்போது அப்படியில்லை. நன்றாக இருக்கிற பிள்ளையை மயக்கிப் படுக்கவைத்துக் குழாய் விடுவார்கள். வலிக்கிற பிள்ளை வீட்டில் கிடந்து துடிக்கும். இரண்டில் எது நடந்தாலும் அவருக்குத் தாங்காது. பிள்ளைகளிடம் அவர் வித்தியாசம் பார்த்ததே இல்லை. பார்க்கத் தெரிந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்.

அன்றைக்கு மனைவியிடம் சொல்லிவிடுவது என்று எதிரே போய் உட்கார்ந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அவள் சட்டென்று நிமிர்ந்து, "நானும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்றாள்.

"நீ சொல்லு."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

"சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்."

"நானும் அதைத்தான் கேக்க வந்தேன்" என்று அவள் எழுந்துவிட்டாள். குழாய் விடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அவருக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்காததால் அந்தத் தடவை அவளே ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, ஒன்றும் சொல்லவில்லை என்று துணி மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் டாக்டரின் நர்ஸ் போன் செய்தார். குழாய் விட வரும்போது வீட்டில் இருக்கிற இன்னொரு பிள்ளையையும் கூட்டி வரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. குட்டு உடைந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

குறித்த நாளில் மனைவிக்கு வழக்கம்போல ஆபீஸில் ஆள் இல்லை. டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து, வயிற்றுவலிப் பிள்ளையை முதலில் அனுப்பச் சொன்னார்.

அவர் இரண்டு முகத்தையும் பார்த்தார். பெல்ட்டில் ஓடுகிற டைல்ஸைப் பார்ப்பதைவிட உன்னிப்பாகப் பார்த்தார். இரண்டும் அவரைப் பார்த்துப் பல் இல்லாமல் சிரித்தன.

"சிஸ்டர், எனக்குத் தெரியல" என்றார்.

"என்ன தெரியல?"

"எந்தப் பிள்ளைன்னு தெரியல. பொறந்ததுல இருந்தே தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சிட்டிருக்கேன். குழாயை மாத்தி விட்டுடப் போறீங்க, தயவுசெஞ்சு நிறுத்துங்க."

நர்ஸ் ஆச்சரியப்படவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ஒருத்தியைப் பார்த்தார். இன்னொருத்தியைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இவங்க ரெண்டு பேரா?"

"முதல்ல இருந்தே ரெண்டு பேருதான் டாக்டர்."

டாக்டர் முகம் தொங்கிப்போயிற்று. கூட்டத்தில் பேசுவது அத்தோடு நின்றது. அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று முடிந்தது. இரண்டு பேரையும் சோதித்தார்கள். இரண்டு பேர் வயிற்றிலும் பூச்சி. ஒருத்தி மருந்து குடித்துச் சுத்தமாவாள், ஒரே படுக்கையில் படுக்கிற மற்றவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வாள். அடுத்த வாரம் அவளுடைய முறை. குழாயும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம், வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து குடித்தால் போதும் என்றார் டாக்டர். எது எதுவென்று தெரியவே வேண்டியதில்லை என்பதையும் கொஞ்சம் கசப்பாகச் சொன்னார்.

அப்பாவுக்கு உயிர் வந்தது. பிள்ளைகளும் பிழைத்தார்கள், மானமும் பிழைத்தது. வெளியே வந்து மருந்துப் பொட்டலத்தை வாங்கும்போது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நர்ஸின் மேஜைமேல் குனிந்தார்.

"சிஸ்டர், நான் சொன்னது நம்மளோட இருக்கட்டும். என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணுங்க."

நர்ஸ் பொட்டலத்தை ஒட்டி அவர் கையில் கொடுத்தார்.

"பண்ணிட்டாப் போச்சு சார். அன்னிக்கு ரத்தம் எடுக்க வந்தப்ப, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அவங்களும் இதே சத்தியத்தைத்தான் வாங்கிட்டுப் போனாங்க."