நீங்கள் ரெண்டு பேரும் காவி

எனக்கு நன்றாகத் தமிழ் தெரியும் என்ற துணிச்சலில்தான் ஒரு குடும்பத்தையே சாமியாராக்கினேன்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் சிறுவர் பிரிவில் டாக்டராகச் சேர்ந்து மூன்று மாதம். (தலைக்கனத்துக்கு மட்டும் முப்பது வருட அனுபவம்.) கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருந்த முருகேசுவின் எட்டு வயது மகள் செல்விக்குத் தலசீமியா. மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். இது பரம்பரையாக வருவது என்று தாய் தகப்பனுக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தனக்கு நோயில்லாமல் அதற்கான மரபணுவை மட்டும் உடம்பில் சுமப்பவரை எங்கள் மருத்துவத் தமிழில் ‘காவி’ என்போம். எங்கள் ஊரில் காவுவது என்றால் சுமப்பது.

“நீங்கள் ரெண்டு பேரும் காவி,” என்றேன்.

“ரெண்டு பேருமாங்க?” என்றார் முருகேசு.

“ஓம். ஒராள் மட்டும் எண்டால் பிரச்சினை இல்லை.”

“எத்தன நாளைக்குங்க?”

“சாகும் மட்டும்.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். விஞ்ஞானம் நன்றாக இறங்கிவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

அடுத்த மாதம் செல்வி நேரத்துக்கு வரவில்லை. பதினொரு மணிபோல ஒரு சிப்பாய் மூவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். மனைவி காவிச் சேலையில். முருகேசு காவி வேட்டியில்; செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று மொட்டையும் அடித்திருந்தார். அடையாள அட்டையிலோ சுருட்டை முடியும் மீசையும். சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி இரண்டு மணித்தியாலம் விசாரித்திருக்கிறார்கள். ஏன் இந்தக் கோலம் என்றதற்கு, டாக்டர் உத்தரவு என்றாராம். சிப்பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அப்போது என் சிங்களம் ஆம், இல்லையோடு சரி.

வெளிறிப்போய்க் கதிரையில் சாய்ந்திருந்த செல்வி சொன்னாள்: “எனக்குச் சீக்கு வந்ததாலதான் அப்பாவும் அம்மாவும் சாமியாராயிட்டாங்க. அப்பா இப்ப கடையிலதான் படுக்கிறாரு.”

காப்பாற்றியது அம்பிட்டியவிலிருந்து வேலைக்கு வரும் தாதி கமலா. சிங்களத்தில் இரண்டு வசனம் சொன்னாள். சிப்பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டான். பிறகு செல்விக்குப் பக்கத்தில் குந்தினாள்.

“டாக்டர் துணியைச் சொல்லலம்மா. அம்மா ஒடம்புல ஒரு கோளாறு, அப்பா ஒடம்புல ஒரு கோளாறு, அவங்களுக்கே தெரியாம இருந்துச்சு. ரெண்டும் ஒனக்கு வந்துருச்சு. இதுல ஒன் குத்தமும் இல்ல, அவங்க குத்தமும் இல்ல.”

நான் முக்கால் மணித்தியாலம் விளக்கியது இதைத்தான்.

முருகேசு மெல்லக் கேட்டார்: “அப்ப நான் வீட்டுலயே படுக்கலாங்களா?”

படுக்கலாம் என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்கப் பயம்.

கமலா பிறகு என் மனைவியானாள். இன்றைக்கும் நான் பிள்ளைகளுக்கு எதையாவது விளக்கத் தொடங்கினால், குசினியில் சமைத்தபடியே சொல்வாள்: “அப்பா சொல்றதக் கேட்டு மொட்டை போட முந்தி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.”